முன்வாங்கில் இருக்க ஆளில்லை

செப்டெம்பர் 28, சனி

இன்று தேவாலயத்தின் தரை என் வலது காலை முழங்கால் வரை விழுங்கிவிட்டது. சனம் உட்காரும் நீள மர வாங்குகளில் கடைசி வாங்குக்கு அடியில் தூசி எடுக்க வாக்யூம் கிளீனரை இழுத்துக்கொண்டு போனேன். பலகை பிட்டு மாதிரி உதிர்ந்தது. காலை இழுத்து எடுத்தால் காயம் இல்லை, சப்பாத்துதான் கீழேயே நின்றுவிட்டது. குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவி எடுத்தேன். அந்த நேரம் யாராவது எட்டிப் பார்த்திருந்தால், சைவக்காரன் கடைசியில் மனம் திரும்பிவிட்டான், விழுந்து கும்பிடுகிறான் என்று ஊரெல்லாம் கதை போயிருக்கும்.

போதகர் சில்யெக்கு ஃபோன் எடுத்தேன்.

“ஐயோ அருள், கால் முறிஞ்சு போச்சோ?”

“கால் நல்லாத்தான் இருக்கு. கோயில்தான் முறிஞ்சு போச்சு.”

இங்கே நோர்வேயில் எல்லோரும் கதைப்பது நொஸ்க் மொழி. ஆனால் என் காதில் விழும்போதே அது யாழ்ப்பாணத் தமிழாகித்தான் விழுகிறது. நானும் அப்படியேதான் எழுதுவேன்.

நாட்டின் வடக்கே நான் வேலை செய்த மீன் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். என் மனைவி புவனத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கின் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவளோடு வந்த எனக்கு ஆஸ்லி தேவாலயத்தைப் பராமரிக்கும் வேலை. மணி அடிப்பது, பனி அள்ளுவது, மெழுகுதிரி மாற்றுவது, ஆராதனை முடிந்ததும் கோப்பி ஊற்றுவது. வருட முடிவு வரை பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம். ஆக்காவிட்டால் ஒஸ்லோவில் புவனத்தின் அண்ணன், மச்சான் சிவகடாட்சத்தின் மரக்கறிக் கடையில் வெங்காயம் நிறுக்க வேண்டும், கடைக்குக் கீழே நிலவறையில் குடியிருக்க வேண்டும். மச்சான் நல்லவர். அதுதான் பிரச்சினை. செய்த நன்மையை ஒரு நாளும் மறக்கமாட்டார், மற்றவர்களையும் மறக்க விடமாட்டார்.

ஒக்டோபர் 3, வியாழன்

கட்டட ஆய்வாளர் வந்தார். தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு தரைக்குக் கீழே உடும்பு மாதிரி நுழைந்தார். நான் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருநூற்றுநாற்பது வருடக் கட்டடம். பைன் மரக் குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, மூலையில் கொத்திப் பூட்டியிருக்கிறார்கள். வெளியே தெரிகிற வெள்ளைப் பலகையெல்லாம் பிற்காலத்து அலங்காரம். அதற்கு முன் தார் பூசிக் கறுப்பாக நின்றதாம். அதற்கும் முன் இதே இடத்தில் மரத்தூண்களை நட்டு எழுப்பிய இன்னொரு தேவாலயம் பல நூறு வருடம் நின்றிருக்கிறது. அதைப் பிரித்தவர்கள் பலகையை எறியவில்லை, இதன் தரைக்கு அடியில் தாங்குமரமாகப் போட்டுவிட்டார்கள். ஒரு பலகையில் தன் வாலைத் தானே கடிக்கும் மிருகம் ஒன்று செதுக்கியிருந்தது. ஆய்வாளர் டிராகன் என்றார். நான் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். நம்முடைய யாளிதான். இவ்வளவு தூரம் நடந்து வந்ததில் கொஞ்சம் மெலிந்திருந்தது.

தீர்ப்பு இது. நடுப்பாதைக்குக் கீழே கல் வரிசை இருப்பதால் நடந்து போகலாம். ஆனால் வாசல் இருக்கும் மேற்குப் பாதியில், பின்வாங்குகளுக்குக் கீழே, மரம் உக்கிவிட்டது. பனி கரைந்த பிறகுதான் திருத்தலாம். அதுவரைக்கும் பின்பாதியில் ஒருவரும் இருக்கக் கூடாது. வாங்குகளைக் கழற்றவும் முடியாது, ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. பாதுகாக்கப்பட்ட சின்னம். சனத்தைப் பின்னுக்கு இருக்கவிடாமல் தடுக்க முடியாவிட்டால் தேவாலயத்தைப் பூட்ட வேண்டும்.

சில்யெ சிரித்தார். போன வருடம்தான் நகரத்திலிருந்து வந்தவர். “இவ்வளவுதானே? முன்னுக்கு இருக்கச் சொல்லுவம்.”

பக்கத்துப் பள்ளத்தாக்கில் பெண் எடுத்த ஆய்வாளர் சிரிக்கவில்லை. “இந்த ஊர் ஆக்களிட்டையோ?” என்று மட்டும் கேட்டார்.

பூட்டிய தேவாலயத்துக்குப் பராமரிப்பாளர் எதற்கு? இன்று முழுக்க வெங்காய மணம் மூக்கில் நின்றது.

ஒக்டோபர் 6, ஞாயிறு

வாசலில் பெரிய எழுத்தில் அறிவித்தல் ஒட்டினேன். ஒவ்வொருவரும் நின்று, கண்ணாடி போட்டு, முழுவதும் வாசித்தார்கள். “முக்கியமான விசயம்” என்று தலையாட்டினார்கள். உள்ளே போய்க் கடைசி வாங்குகளில் இருந்தார்கள். அதுவும் வாங்குக்கு ஒருவராக.

ஊர்க் கோயிலில் தீபம் காட்டும் நேரம் சனம் ஆளுக்கு மேல் ஆள் ஏறும். இங்கே சில்யெ நிற்கும் பீடத்துக்கும் முதலாவது ஆளுக்கும் நடுவில் ஒரு டிராக்டரை விட்டுத் திருப்பலாம். பாவம், அவர் தூரத்துக் கரைக்குக் கூப்பிடுகிறவர் மாதிரிக் கத்திக் கத்திப் பிரசங்கம் செய்கிறார்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

மூளையைப் பாவித்தேன். ஒவ்வொரு வாங்குக்கு அடியிலும் மின்சூடாக்கி இருக்கிறது. பின்பாதி முழுவதையும் அணைத்துவிட்டு முன்பாதியை உச்சத்தில் வைத்தேன். வெளியே உறைபனி. குளிர் படிப்பிக்காத பாடம் இல்லை என்று புவனத்திடம் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

ஆட்டுத்தோல் விரிப்புகளோடு வந்தார்கள். டிராக்டர் திருத்துகிற கிழவர் தூர்லெய்ஃப் சுடுகுடுவையில் கோப்பியும் கொண்டுவந்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“நல்ல யோசினை, அருள். சூடு இல்லாததாலை இண்டைக்கு எனக்கு நித்திரையே வரேல்லை.”

முன்னால் ஒருவரும் இல்லாமல் வெந்துகொண்டிருந்தது சில்யெ ஒருவர்தான்.

நவம்பர் 3, ஞாயிறு

கயிறு கட்டினேன். தூர்லெய்ஃப் காலைத் தூக்கித் தாண்டினார். எண்பத்துநாலு வயது மூதாட்டி போர்கில்ட் தன் கைத்தடியால் கயிற்றை உயர்த்திப் பிடித்துக் கீழால் போனார், பின்னால் வந்தவர்களுக்காகவும் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டத்துக்குப் பயந்த நாலைந்து பேர் வாங்கில் இருக்கவில்லை. அதற்குப் பதிலாகப் பின்சுவரோடு ஒட்டி நின்றார்கள். நின்றாலும் இருந்தாலும் பாரம் ஒன்றுதான் என்று கையைக் காலை ஆட்டி விளக்கினேன். புரிந்ததாகத் தலையாட்டினார்கள். அசையவில்லை.

ஆராதனை முடியும்போது கயிற்றில் ஏழெட்டுக் குளிர்கோட்டுகள் தொங்கின. கோட்டு மாட்ட இடமில்லாமல் இவ்வளவு நாளும் கஷ்டப்பட்டார்களாம். நன்றி சொன்னார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

பாட்டுப் புத்தகங்களை முன்வாங்குகளில் மட்டும் வைத்தேன். முன்னுக்கு வந்தார்கள். எடுத்தார்கள். திரும்பிப் போய்விட்டார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

முன்னுக்கு வரும்படி இன்று பிரசங்கத்திலேயே சொல்வதாகச் சில்யெ வாக்குக் கொடுத்திருந்தார். ஏறி நின்று வேதத்தைத் திறந்தால், தெரிந்தெடுத்து வைத்த பகுதியே காலை வாரிவிட்டது. விருந்துக்குப் போனால் முன்இடத்தில் இராதே, கடைசி இடத்தில் போய் இரு என்று ஏசுநாதர் சொல்கிற பகுதி. விருந்து என்ற சொல் ஞாபகத்தில் இருந்ததாம், மிச்சம் மறந்துபோச்சாம். பாதி வாசித்ததும் அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

பின்வாங்குகளில் எல்லோரும் தலையாட்டினார்கள். இந்த ஊர்ச் சனம் பிரசங்கத்துக்குத் தலையாட்டி நான் பார்த்தது இன்றுதான்.

நவம்பர் 20, புதன்

புவனம் இடியப்பம் பிழிந்துகொண்டே கேட்டாள்.

“அவை பின்னுக்கு இருக்கினம், பின்னுக்கு இருக்கினம் எண்டு ஒரே புறுபுறுக்கிறியள். நீங்கள் எங்கயப்பா இருக்கிறனீங்கள்?”

“நானோ? வாசல் கல்லிலை, மடக்குக் கதிரையிலை. மணி அடிக்கோணும், கதவு பாக்கோணும்.”

“ம்ம்” என்றாள். அவளுடைய ஒரு ‘ம்ம்’முக்குள் ஒரு வழக்கே நடந்து தீர்ப்பும் வந்துவிடும்.

வாசலில் இருப்பது எனக்குப் பழக்கம், அவ்வளவுதான். சின்ன வயதில் திருவிழாவுக்கு ஐயா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன், என்னைக் கூட்டிப்போவார். எங்கள் ஆட்கள் நிற்பது மதிலுக்கு வெளியே, புளியமரத்தடியில். தீபம் காட்டும்போது மதிலுக்கு மேலால் கொஞ்சம் வெளிச்சம் தெரியும். ஐயா என்னைத் தோளில் தூக்கிவைத்து “தெரியுதோ?” என்று கேட்பார். தெரியுது என்று சொல்வேன். அங்கே காற்று நன்றாக வரும். உள்ளே போனவர்கள் வியர்த்து வழிந்துதான் வந்தார்கள்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஆய்வாளரிடமிருந்து செய்தி. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, மாமியார் வீட்டுக்கு வருகிறாராம். இருபத்திரண்டாம் திகதி ஆராதனைக்கு வந்து தன் கண்ணால் பார்ப்பாராம். பின்பாதியில் ஒரு ஆள் இருந்தாலும் அன்றைக்கே பூட்டு. நத்தார் ஆராதனைக்கு எல்லோரும் பக்கத்து ஊர் நெஸ்லியாவுக்குப் போக வேண்டியதுதான்.

கோப்பி நேரத்தில் இதைச் சொன்னதும் வாஃபிள் தட்டு அந்தரத்தில் நின்றது. நெஸ்லியாக்காரருக்கும் இவர்களுக்கும் ஏதோ ஒரு மணி விசயத்தில் முந்நூறு வருடப் பகை.

“நெஸ்லியாவிலை போய்ப் பாடுறதைவிட நான் என்ரை ஆட்டுக்கொட்டிலுக்குள்ளை நிண்டு பாடுவன்” என்றார் போர்கில்ட்.

“இருநூற்றுநாப்பது வருசமா இஞ்ச மணி அடிச்சது” என்றார் தூர்லெய்ஃப்.

“அப்ப முன்னுக்கு வந்து இருங்கோவன்!” என்றேன் நான்.

யாரோ வாஃபிள் நல்ல மொறுமொறுப்பு என்றார்கள்.

டிசம்பர் 8, ஞாயிறு

பின்பாதியில் பத்தொன்பது பேர். முன்பாதியில் மெழுகுதிரிகள்.

இரவு மச்சான் ஃபோன் எடுத்தார். “அருளம்பலம், நிலவறைக்கு வெள்ளை அடிக்கிறன். உங்களுக்காகத்தான். ஒண்டுக்கும் யோசியாதையும். நான் இருக்கிறன்தானே?” அவர் இருப்பதைத்தான் யோசித்தேன்.

டிசம்பர் 19, வியாழன்

நத்தாருக்கு முன் பித்தளை மெழுகுதிரித் தண்டுகளை மினுக்குவது போர்கில்டின் உரிமை. வேறு யாரும் தொட முடியாது. அவர் தண்டைத் தேய்க்க, நான் முன்வாங்குகளைத் துடைத்தேன். முன்வரிசைகளுக்கு மட்டும் சின்னச் சின்னக் கதவு இருக்கிறது. ஒவ்வொரு கதவிலும் ஓர் அடையாளம் வெட்டியிருக்கிறது. முதலாவதில் வட்டத்துக்குள் ஓர் ஏணி.

“இது என்ன அடையாளம்?”

“ஸ்தூர்வொல் பண்ணை.” பக்கத்தில் அவர்களே நிற்பது மாதிரிக் குரலைத் தாழ்த்தினார்.

பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தோண்டி எடுத்தேன். கதவு வைத்த வாங்குகள் பெரிய பண்ணைக்காரருக்கு. கதவில்லாத பின்வாங்குகள் அந்தப் பண்ணைக் காணிகளில் குடில் போட்டிருந்து கூலிக்கு மாரடித்தவர்களுக்கு. இன்று ஊரில் மிஞ்சியிருப்பது அந்தக் குடில்காரரின் பேரன் பேத்திகள்தான்.

“இப்ப ஸ்தூர்வொல்லிலை ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை. நான் குமரா இருக்கேக்கையே காணியை வித்துப்போட்டு அமெரிக்கா போட்டினம். கோடைக்கு ஒரு பல் டொக்டர் வந்து தங்குவார். கோயில் பக்கம் எட்டியும் பாக்கிறேல்லை.”

“அப்ப இது வெறும் வாங்குதானே.”

“ஓம் ஓம். ஆரும் எங்கயும் இருக்கலாம். இது நோர்வே. இஞ்ச அப்பிடி ஒண்டும் கிடையாது.”

“நீங்கள் இருப்பியளோ?”

தண்டைத் தேய்த்த தேய்ப்பில் பித்தளை அலறியது. “எனக்கு அஞ்சு வயசிலை ஒருக்கா அதிலை ஏறி இருந்தனான். அம்மா காதிலை பிடிச்சுத் தூக்கிக்கொண்டு போனவ.” கை தன்பாட்டில் காதுக்குப் போனது.

“விளங்குது” என்றேன்.

“உமக்கு எப்பிடி விளங்கும்? நீர் இந்த ஊர் இல்லையே.”

“வாங்கு விளங்குது எண்டு சொன்னன்.”

அடுத்த தண்டை எடுத்து என் கையில் கொடுத்து “நீரும் மினுக்கும்” என்றார். ஊரில் வேறு யாருக்கும் அதைக் கொடுத்ததில்லை என்று பிறகு சில்யெ சொன்னார்.

டிசம்பர் 22, ஞாயிறு

குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

மணி அடித்துவிட்டு வந்தேன். வாசலில் ஆய்வாளர், மாமியார் பின்னிய தொப்பியோடு. பின்வாங்குகளில் இருபது பேர் போல, பின்சுவரோடு ஒரு வரிசை. சில்யெ முன்னால் நின்று கையைக் கூப்பாத குறையாகக் கேட்டார்.

“தயவுசெய்து. இண்டைக்கு ஒருநாள். முன்னுக்கு வாங்கோ.”

தூர்லெய்ஃப் தன் சப்பாத்தைப் புதிதாகப் பார்ப்பவர் மாதிரிப் பார்த்தார். போர்கில்ட் கூரையைப் பார்த்தார். ஆய்வாளர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார்.

பெரிய தத்துவம் ஒன்று தோன்றியது என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்குத் தோன்றியது வெங்காயச் சாக்கு. நான் நடந்தேன். வாரத்துக்கு இரண்டு தரம் கூட்டுகிற பாதை, இவ்வளவு நீளம் என்று இன்றுதான் தெரிந்தது. ஏணி வெட்டிய கதவைத் திறந்தேன். எண்ணெய் காணாத பிணைச்சல் பன்றி கத்துவது மாதிரிக் கத்தியது. உள்ளே போய் இருந்தேன்.

காலடியில் சூடாக்கி உச்சத்தில் எரிந்துகொண்டிருந்தது. நேர் எதிரே பீடத்தின் படத்தில் ஒரு சிங்கம். வரைந்தவன் சிங்கம் பார்த்ததில்லை, தன் வீட்டு நாயைப் பார்த்து வரைந்திருக்கிறான். நாய் என்னைப் பார்த்தது. நான் ஐயாவை நினைத்தேன். இந்த மனிசன் ஒரு தரம், ஒரே ஒரு தரம் உள்ளே வந்து கிட்ட நின்று பார்த்திருக்கலாமே என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. முன்வாங்கில் ஒரு வசதி உண்டு, முகத்தைப் பார்க்க ஆள் இல்லை.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன். மச்சானிடம் என்ன சொல்வது என்று வசனம்கூட யோசித்துவிட்டேன். அப்போது தட், தட் என்று கைத்தடி. அது என் வாங்குக் கதவடியில் வந்து நின்றது.

“தள்ளி இரும்” என்றார் போர்கில்ட்.

இது ஆண்கள் பக்கம் வேறு. அந்தக் காலத்துப் பெண்கள் இன்னும் இடது பக்கம்தான் இருப்பார்கள். நான் தள்ளினேன். பக்கத்தில் ஒரு சாண் இடைவெளிகூட விடாமல் இருந்தார். இருந்தபடியே பின்னால் திரும்பினார்.

“தூர்லெய்ஃப்! உன்ரை கால் என்ன, அங்கயே வேர் விட்டுட்டுதோ?”

தூர்லெய்ஃப் வந்தார். பிறகு ஒரு குடும்பம். பிறகு சுவரோடு நின்றவர்கள். ஒவ்வொரு கதவாகக் கத்தக் கத்தத் திறந்தது. எந்தப் பண்ணை வாங்கில் யார் இருப்பது என்று சின்னத் தள்ளுமுள்ளுகூட வந்தது. இந்தச் சனம் ஒருவரை ஒருவர் முட்டுவதை நான் இன்றுதான் பார்த்தேன். சில்யெக்கு ஒன்றும் ஓடவில்லை. முடிவுப் பாட்டை முதலில் தொடங்கிவிட்டார்.

பாட்டு நடுவில் தூர்லெய்ஃப் திரும்பிப் பார்த்துவிட்டு எழும்பினார். ஆய்வாளர், அறிக்கை எழுதுவதற்காக, பழக்கதோஷத்தில், கடைசி வாங்கில் வசதியாக இருந்துகொண்டிருந்தார்.

“ஐசே! அங்க இருக்கக் கூடாது! வாசல்லை ஒட்டியிருக்கிறது வாசிக்கத் தெரியாதோ?”

முழுச் சபையும் திரும்பி முறைத்தது. மனிசன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காது சிவக்க, முன்னுக்கு வந்தார்.

புவனம் வேலை உடுப்போடே பாதியில் வந்தாள். நான் இருந்த இடத்தைப் பார்த்தாள். சத்தம் போடாமல் வாசலில் என் மடக்குக் கதிரையில் இருந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் “ம்ம்” என்றாள். இது வேறு ‘ம்ம்’.

டிசம்பர் 24, செவ்வாய்

இரண்டு ஆராதனை வைத்தோம். இரண்டுக்கும் முன்பாதி முழுக்கச் சனம். மணிக்கயிறு இழுத்து உள்ளங்கை எரிகிறது. வேலை நிரந்தரம் என்று சில்யெ கோப்பிக்கு நடுவில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத்தான் கோப்பி சிந்திவிட்டது.

மச்சான் எடுத்தார். வெள்ளை காய்ந்துவிட்டதாம். “வேறை ஆருக்கும் குடுங்கோ மச்சான், நாங்கள் வரேல்லை” என்றேன். வெள்ளை அடித்த செலவை ஒரு தரம் சொல்லிக்காட்டிவிட்டு வைத்தார்.

ஜனவரி 12, ஞாயிறு

இவர்களைத் திருத்தவே முடியாது. முன்னுக்கு வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். தன் இடத்தில் வேறு ஆள் இருந்துவிட்டதாகத் தூர்லெய்ஃப் சில்யெயிடம் முறைப்பாடு. பாட்டன் காலத்திலிருந்து அங்கே இருந்தவர் மாதிரித்தான் கதை.

பனிச்சறுக்கு விளையாட வந்த நகரத்துச் சோடி ஒன்று இன்று உள்ளே வந்தது. முதல் வாங்கு வெறுமையாக இருந்ததால் போய் இருந்துவிட்டார்கள். நான் மணி அடித்துவிட்டு வந்து அதைப் பார்த்தேன். பரவாயில்லை என்று வாசலில் என் கதிரையை விரிக்கப் போனேன். அங்கே புவனம் நின்றாள், இன்று அவளுக்கு லீவு. அப்போது போர்கில்டின் குரல் கேட்டது.

“அதிலை இருக்கேலாது.”

“ஏன்? ஒருத்தரும் இல்லையே” என்றான் அந்தப் பொடியன்.

“ஆக்கள் இருக்கினம். மணி அடிச்சிட்டு வருவினம்.”

“ஆர்?”

“அருள் வீட்டுக்காரர். அது அவையின்ரை வாங்கு.”

சோடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழும்பியது. போர்கில்ட் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவருமே திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு, அந்த வாங்கில் இரண்டு பேருக்கு இடம் விட்டுக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் புவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையால் நடந்து போனேன்.